பேரனின் எடையை நான் குறைத்த விதம்

மன்சூரா,
புதன்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி ஹாஜ் பஸ்யூனி அவர்களுக்கு, ஃபிக்ரி அப்துல் ஷாஃபி மிகுந்த தயக்கத்துடன் எழுதிக்கொள்வது. இறைவனின் சாந்தி தங்கள் மேலும், தங்கள் இல்லத்தார் மேலும், கொட்டிலில் உள்ள எருமைகள் மேலும் உண்டாவதாக. சம்பந்தியம்மாவின் கால் மாவுக்கட்டை எப்போது பிரிக்கிறார்கள்? பிரிக்கும்போது வலி தெரியாமலிருக்கத் தொழுகைதோறும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. அனைவரும் நலமாகத்தான் இருக்கிறார்கள், என்னைத் தவிர.

நேற்று மாலை தொலைபேசியில் தாங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் வலது காதில் இன்னும் இருக்கிறது. "ஓய் உஸ்தாத்! என் பேரனைப் பட்டினி போட்டே கொல்லப் பாக்கிறீரா? வியாழக்கிழமை வேனோட வர்றேன். பொண்ணும் பிள்ளையும் திசூக்குக்கு வந்துடும். நீரு உம்ம தராசைக் கட்டிக்கிட்டுக் கிடயும்!" என்றீர்கள். நடுவில் நான் "ஹாஜ்..." என்று சிலமுறை தொடங்கினேன். நீங்கள் மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்துத் தொடங்க வேண்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் மூச்சு வாங்கவே இல்லை. பேசுவதில் நான் கெட்டிக்காரன் அல்லன். எழுதுவதில் ஓரளவு பழக்கம் உண்டு. ஆகவே இதை எழுதி, உங்கள் ஊர் திசூக்குக்கு மைக்ரோபஸ் ஓட்டும் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வேனைக் கிளப்புமுன் தயைகூர்ந்து முழுவதும் படிக்கவும்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேரன் நலமாக இருக்கிறான். அவன் எடை மூன்று கிலோ நூறு கிராம். பணிக்காலம் முழுவதும் எடையளவு ஆய்வாளராக இருந்து, கள்ளத்தராசு வைத்தவர்களுக்கு (அவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடியே என்றாலும்) அபராதம் விதித்தவன் நான். அந்த எடையை இறைவன்மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். உங்கள் மகள் நஷ்வாவிடம் பாலுக்கும் குறைவில்லை. நீங்கள் கேள்விப்பட்டீர்களே, இரண்டு கிலோவுக்கும் குறைவான, குரலே எழும்பாத, பால் கிடைக்காத குழந்தை, அப்படி ஒரு குழந்தை இந்த வீட்டில் இல்லை, இருந்ததும் இல்லை. அந்தக் குழந்தையை உண்டாக்கியவன் நான்.

அது எப்படி நேர்ந்தது என்றால், பிறக்குமுன் பிள்ளைக்கு ஒரு நூலிழைகூட வாங்கி வைக்கக் கூடாது என்பது உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே வழக்கம்தான். இதில் தர்க்கம் இல்லை, டயப்பர் மட்டுமாவது முன்கூட்டி வாங்கலாம் என்று என் மகன் ஹுஸாமிடம் நான் எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் வேணாம்பா, கண்ணு பட்டுடும்" என்று சொல்லிவிட்டு அவன் செங்கடலில் எண்ணெய்க் கிணற்று மேடைக்குப் போய்விட்டான். நானும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்துவது என் இயல்பு அன்று. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய டயப்பர்கள் ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தன. சம்பந்தியம்மா கால் ஒடிந்து அங்கே, என் மனைவி மண்ணுக்குள், மகன் கடலில். வீட்டில் நடமாடக்கூடியவன் நான் ஒருவன். நஷ்வா படுக்கையில் இருந்தபடியே தெளிவாகச் சொன்னாள்: "மாமா, பாக்கெட் மேல மூணுலேர்ந்து ஆறு கிலோன்னு போட்டிருக்கும். அதைப் பாத்து வாங்குங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க." மாடிப்படி முழுக்க 'மூன்று முதல் ஆறு' என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன்.

தெருமுனையில் இருப்பது ஷஹாத்தாவின் கடை. அவருக்கு முன் பிறந்தவை எதுவும் தங்காததால், கண் படாதிருக்க, 'பிச்சை' என்ற பொருளில் அவர் தாய் வைத்த பெயர் அது. பெயர் நன்றாக வேலை செய்திருக்கிறது. கல்லாவுக்கும் சுவருக்கும் இடையில் அவர் மட்டுமே நிற்க முடியும், அதுவும் பக்கவாட்டில். "உஸ்தாத்! மப்ரூக்! என்ன பிள்ளை?" என்றார். "பையன்" என்றேன். அதுவரை உண்மைதான். "அல்லாஹ் ஆயுசைக் குடுக்கட்டும். டயப்பர் வேணுமா? பிள்ளை எத்தனை கிலோ?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். அப்போது பார்த்துச் சலவைத்தூள் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. எங்கள் மேல்மாடிப் பெண்மணி உம்மு ஃபத்ஹி. அவருடைய இரண்டு கண்களும் பச்சை நிறம். அவர் தையல்காரரிடம் "மிஷின் நல்லா ஓடுதே" என்று சொல்லிப்போன வாரத்தில் அது நின்றது. அன்று முதல் படிக்கட்டில் அவரைக் கண்டால் கர்ப்பிணிகள் மறந்துபோன சாமானை நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மிஷினுக்கு எண்ணெய் விடாததுதான் காரணம் என்று அன்றே நான் படிக்கட்டில் நின்று எல்லோருக்கும் விளக்கியிருக்கிறேன். ஆனால் ஹாஜ், கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்களே, பிறர் பேரன் விஷயத்தில் இல்லாத பயம் என் பேரன் விஷயத்தில் எங்கிருந்தோ வந்துவிட்டது.

"ரெண்டு" என்றேன்.

அலமாரிக்கு நீண்ட ஷஹாத்தாவின் கை பாதியில் நின்றது. "ரெண்டா?"

"ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி."

இதை ஏன் சேர்த்துச் சொன்னேன் என்று இப்போது வரை எனக்கு விளங்கவில்லை. பொய் சொல்லிப் பழகியவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும், பழகாதவனுக்குத் தெரியாது. "அட என் ராசாவே, குறைமாசமா?" என்று உம்மு ஃபத்ஹி நெஞ்சில் கை வைத்தார். "அப்படித்தான்... சொல்றாங்க." "பால் குடிக்குதா?" "முயற்சி பண்றான்." "அழுவுதா?" "அவனுக்குள்ளயே அழுதுக்கிறான்." ஷஹாத்தா ஏணி போட்டு மேல்தட்டில் ஏறி ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துத் தூசி ஊதினார். "இதைக் கேட்டு யாரும் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் வெச்சிருந்தேன் உஸ்தாத்" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசும் வாங்க மறுத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டு நடந்தபோது, கள்ள எடைக்கல்லுடன் பிடிபட்டவர்கள் என் முன்னால் எப்படித் தலை குனிந்து நின்றார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அவர்களை இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடத்தியிருக்கலாம்.

வீட்டில் நஷ்வா பொட்டலத்தைப் பிரித்தாள். "என்ன மாமா இது? பூனைக்குட்டிக்கா?" என்றாள். "கடையில இதுதான் இருந்தது" என்றேன். அவள் அதைக் கட்டிப் பார்த்தாள். ஆற்றின் இரு கரைகள்போல ஒட்டுப்பட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. நடுவில் பேரனின் வயிறு. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு டயப்பர்களை அருகருகே வைத்து, நடுவில் ஒட்டுநாடாவால் இணைத்தால் தேவையான அகலம் கிடைக்கும். கணக்குப்படி அது சரி. உங்கள் பேரன் கணக்கை ஏற்றுக்கொள்ளவில்லை. இணைத்த இடம் விட்டது. இதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் சொல்லத் துணிந்த பிறகு பாதியில் நிறுத்துவது அழகல்ல. அவனுக்குக் கீழே விரித்திருந்தது, பிள்ளைக்கென்று நீங்கள் அனுப்பிய சிவப்பு வெல்வெட் போர்வை. நஷ்வாவுக்குத் தெரியாமல் அதை நானே என் சட்டைகளோடு சேர்த்து வெந்நீரில் போட்டுத் துவைத்தேன். இப்போது அதைச் சிவப்பு என்று சொல்வதற்கில்லை. என் சட்டைகளை வெள்ளை என்று சொல்வதற்கும் இல்லை.

திரும்ப ஷஹாத்தாவிடம் போய்ச் சரியான அளவைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எந்த முகத்தோடு போவேன் ஹாஜ்? நேற்று இரண்டு கிலோ, இன்று மூன்று கிலோ நூறு! ஒரே இரவில் இவ்வளவு எடை கூடிய சரக்குகளை நான் பறிமுதல் செய்திருக்கிறேன். ஆகவே மறுநாள் பேருந்து ஏறி, என்னை யாருக்கும் தெரியாத இடமாக, ஆற்றுப் பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட இளம்பெண் ஒருத்தி நின்றாள். இந்தமுறை தலைநிமிர்ந்து உண்மை எடையைச் சொல்வது என்ற முடிவோடு வாயைத் திறந்தேன். பின்னால் ஒரு கனைப்புச் சத்தம். திரும்பினால், எங்கள் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர், இருமல் மருந்துக்காக வரிசையில் நிற்கிறார். என் குரல் உள்ளே போய்விட்டது.

"டயப்பர் வேணும் மகளே" என்று கிசுகிசுத்தேன்.

"யாருக்கு?"

"வீட்டுல... ஒருத்தருக்கு."

"என்ன அளவு?"

"அதை இங்க சத்தமாச் சொல்ல முடியாதும்மா."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. "கூச்சப்படாதீங்க அங்கிள். எங்கப்பாவும் ஆரம்பத்துல இப்படித்தான் கூச்சப்பட்டார். ராத்திரி மட்டுமா, பகல்லயுமா?" என்றாள். தந்தையார் ஏன் கூச்சப்பட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. இவள் பிறந்தபோது என்று எண்ணிக்கொண்டேன். "ரெண்டு வேளையும்தான். சாப்பிட்ட உடனேயே போயிடுது" என்றேன். கறுப்புப் பையில் சுற்றி, வெளியே தெரியாதபடி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பாங்கு சொல்பவர் என் தோளைத் தட்டி, "பொறுமையா இருங்க உஸ்தாத், எல்லாம் அவன் நாட்டம்" என்றார். வீட்டுக்கு வந்து என் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பையைப் பிரித்தேன். உள்ளே இருந்ததை என் இடுப்பில் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருந்தது.

அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பெண்கள் தேடாத இடம் என்று ஒன்று வீட்டில் இல்லை என்பதை மனைவி போனபின் மறந்துவிட்டேன். வெல்வெட் போர்வையைத் தேடி வந்த நஷ்வா அதைக் கண்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மாலையில் பார்த்தால் என் மெத்தையின்மேல் ரப்பர் விரிப்பு போட்டிருந்தது. தேநீர் பாதிக் கோப்பைதான் வந்தது. அப்புறம் ஹுஸாம் தொலைபேசியில் பேசினான். இதுவரை நான் கேட்டிராத மெதுவான குரலில், "அப்பா, டாக்டரைப் பாத்தீங்களா?" என்றான். "எதுக்குடா?" "ஒண்ணுமில்லப்பா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." இந்தச் செய்தியும் திசூக் வரை வந்திருந்தால், ஹாஜ், அதுவும் பொய் என்று அறியவும். பேரனுக்கோ, என் பழைய படுக்கை விரிப்பைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தேன். சதுரங்கள் மிகச் சீராக வந்திருந்தன. நனைவதில் அதனால் ஒரு வித்தியாசமும் ஏற்படவில்லை.

இதற்கிடையே கதவு தட்டப்பட ஆரம்பித்தது. ஒருத்தர் இரண்டு புறாக்களை அரிசி அடைத்துப் பொரித்துக் கொண்டுவந்தார்; இன்னொருத்தர் கோழிச்சாறு; தையல்காரர் வீட்டிலிருந்து வெந்தயக் கஷாயம் ஒரு பானை. யாரும் உள்ளே வரவில்லை, பிள்ளையைக் காட்டச் சொல்லவும் இல்லை. வாசலிலேயே நின்று, "எழுதினதை யாரு உஸ்தாத் மாத்த முடியும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படி ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து உங்கள் பேரன் கண்ணாடி அதிர ஒரு சத்தம் போட்டான். "யாரு பிள்ளை அது, இந்தக் கத்துக் கத்துது?" என்று கேட்டார் வந்தவர். "ரேடியோ" என்றேன். நஷ்வா புறாவைச் சுவைத்துச் சாப்பிட்டாள். "உங்களுக்கு இந்தத் தெருவுல இவ்வளவு மரியாதையா மாமா! எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பங்குப் புறாவையும் அவள் பக்கம் தள்ளினேன்.

நேற்று மாலைத் தொழுகைக்கு நான் போகவில்லை. பாங்கு சொல்பவரைப் பார்க்க வெட்கம். பால்கனிக் கதவு திறந்திருந்தது. தொழுகை முடிந்ததும் மைக் கரகரத்தது. இமாமின் குரல்: "நம்ம உஸ்தாத் ஃபிக்ரியோட பேரன், ரெண்டு கிலோவுக்கும் கம்மியாப் பிறந்து, தாய்ப்பாலும் கிடைக்காம உயிருக்குப் போராடிட்டிருக்கு அந்தப் பச்சமண்ணு. அதுக்காகக் கையேந்துவோம். உஸ்தாதுக்கும் இந்த வயசுல வந்திருக்கிற மறைவான நோய் நீங்கணும்னு கேப்போம்." தெரு முழுவதும் 'ஆமீன்' என்றது. நஷ்வா மடியில் பிள்ளையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் வயிறு நிறையக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான். "மாமா, நம்ம தெருவுல இன்னொரு ஃபிக்ரி இருக்காரா?" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பாதிக் கோப்பைத் தேநீரைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி ஹாஜ், உங்கள் மகள்; எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதாள். "நான் பால் குடுக்கலைன்னு ஊரே கையேந்துது மாமா. மைக்ல! நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றாள். அழுதுகொண்டேதான் உங்களுக்கு எண்களை அழுத்தினாள். அந்த அழுகையில் உங்களுக்குக் கேட்டது 'வாங்கப்பா' என்ற ஒரு சொல் மட்டும்தான். மீதியை மைக்ரோபஸ் டிரைவர் உங்களிடம் ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தார். துணிப்பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் இன்று காலை ஷஹாத்தாவின் கடைக்குப் போனேன். நான் செய்ததை நானே சரிசெய்வது என்ற எண்ணம்.

கடையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். அதுவே நல்லது என்று நினைத்து, "என் பேரன் மூணு கிலோ நூறு கிராம்! மூணுலேர்ந்து ஆறு வரைக்குமான டயப்பர் குடுங்க!" என்று, என் வாழ்நாளில் நான் எழுப்பாத குரலில் சொன்னேன். ஷஹாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா உஸ்தாத். ஆமா. இன்ஷா அல்லாஹ்."

"இன்ஷா அல்லாஹ் இல்லைப்பா, இப்பவே மூணு நூறு."

"சரி சரி. இப்படி உக்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க."

"ஷஹாத்தா, நான் அன்னிக்குச் சொன்னது பொய்."

"மனசு அப்படித்தான் சொல்லும் உஸ்தாத். எங்கம்மாவும் இப்படித்தான் பேசிக்கிட்டிருந்தாங்களாம். அந்த அளவு டயப்பரை இப்ப வீட்டுல வாங்கி வெக்காதீங்க. பாக்கப் பாக்க வேதனைதான் கூடும்." கடைசிவரை விற்க மறுத்துவிட்டார். நான் ஓர் எடையைச் சொன்னால் இந்த மாகாணத்தில் மறுபேச்சு இருந்ததில்லை, ஹாஜ். இன்றைக்கு உண்மை எடையைச் சொன்னதற்கு எனக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்து, ஓர் ஆளைத் துணைக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வந்தபோது எங்கள் கதவருகே உம்மு ஃபத்ஹி நின்றார். முக்காட்டைக் கண் மறையுமளவு இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். "உள்ள வரலை உஸ்தாத். இதைக் குடுத்துட்டுப் போலாம்னுதான்" என்று கையை நீட்டினார். ஊக்கில் கோத்த ஒரு நீல மணி. கண் படாதிருக்கப் பிள்ளையின் சட்டையில் குத்தவேண்டியது. குரல் கேட்டு நஷ்வா வெளியே வந்துவிட்டாள். கோபத்தில் இருந்தாள். சுற்றியிருந்த துணியை விலக்கி, பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "பாருங்க சித்தி! இதுதான் உயிருக்குப் போராடுற பிள்ளை!"

"காட்டாதே மகளே, வேணாம்" என்று அவர் இன்னும் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"பாருங்கன்னு சொல்றேன்!"

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "மாஷா அல்லாஹ்" என்றவர், பிறகு அந்தக் கண்களை என் பக்கம் திருப்பினார். "ரெண்டு கிலோவா உஸ்தாத்?" என்றார். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். "என் கண்ணுக்குப் பயந்துதானே?" கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, ஹாஜ். "மத்தவங்க சொன்னா எனக்கு ஒண்ணுமில்ல. பழகிப்போச்சு. அந்த மிஷின் எண்ணெய் இல்லாமத்தான் நின்னுச்சுன்னு படிக்கட்டுல நின்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷத்துல அழுதேன்" என்றார். உங்கள் வசவுகள் என் காதோடு நின்றன. இது உள்ளே இறங்கியது. அறிவாளி என்று ஒருத்தரை அவர் நம்பியிருந்தார். அந்த ஒருத்தனும் அவரைப் பார்த்துப் பேரனின் எடையைக் குறைத்தான்.

நஷ்வா கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பிள்ளையைக் கொண்டுபோய் உம்மு ஃபத்ஹியின் கையில் வைத்துவிட்டாள். "பிடிங்க சித்தி. இவனுக்கு ஒரு டயப்பர் வாங்கித் தாங்க. இந்த வீட்டு ஆம்பிளையால அது ஆகலை." அவர் பல ஆண்டுகளாக ஒரு கைக்குழந்தையைத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்; தெருவுக்கே தெரியும். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கயிற்றில் கூடையை இறக்கிவிட்டு, "ஏ ஷஹாத்தா! மூணுலேர்ந்து ஆறு! வெரசாப் போடு! பிள்ளை யானைக்குட்டி கணக்கா இருக்கான், மாஷா அல்லாஹ்!" என்று கத்தினார். ஷஹாத்தா உடனே நம்பிவிட்டார். கடையாள் கொண்டுவந்து போட, கூடை மேலே வந்தது. டயப்பர் சரியாகப் பொருந்தியது. அவர்கள் அதைப் போடும்போது நான் கூடவே நின்று கவனித்தேன். ஒட்டுப்பட்டைகள் இரண்டும் நடுவில் சந்தித்தன. வேலை முடிந்ததும் உம்மு ஃபத்ஹி, "ஏழாம் நாள் சடங்குல இவன் பக்கத்துல நாந்தான் உரல் இடிப்பேன். இவன் காதுல சொல்லப் போறேன்: அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேளு, தாத்தா கடைக்குப் போனா மட்டும் கூடவே போ" என்றார். நஷ்வா சிரித்தாள். ஆனால் பெட்டி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. "எங்கப்பாவுக்கு நீங்களே எழுதுங்க மாமா. அதுக்கப்புறம் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

எழுதிவிட்டேன். நாளை ஏழாம் நாள். நீங்கள் வராமல் பிள்ளைக்குப் பெயர் வைக்க முடியாது, அவசியம் வாருங்கள். வேனைப் பற்றித்தான் கேட்கிறேன். அவளையும் பிள்ளையையும் நாற்பது நாளைக்கு அழைத்துப்போக உங்களுக்கு உரிமை உண்டு. நான் நடந்துகொண்ட விதத்துக்கு அது நியாயமும்கூட. ஆனால் இந்த வீட்டில் மனைவி போனபின் கடிகாரச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஓர் அழுகைச் சத்தம் வந்திருக்கிறது. என்னைத் திட்டுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். திட்டிய பிறகு அவனை விட்டுவிட்டுப் போக முடியுமா என்று யோசியுங்கள். இனி எவர் கண்ணுக்கும் பயந்து அவன் எடையில் ஒரு கிராமும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்றும் இதன் மூலம் உறுதி அளிக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதையைச் சொல்லவும். சிறியவர்களுக்கு என் வாழ்த்து. உங்கள் எருமைகள் பால் பெருகி, உங்கள் வாசல் விருந்தினரால் நிறைந்து, உங்கள் கோபம் வரும் வழியிலேயே ஆறிவிட இறைவன் அருள்வானாக.

தலை குனிந்தபடி,
ஃபிக்ரி அப்துல் ஷாஃபி

பின்குறிப்பு: உறையில் இடுமுன் நஷ்வாவிடம் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். எடை எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டாள். "மாமா, இது யாருக்குப் போகுது?" என்றாள். "உங்கப்பாவுக்கு." "எங்கப்பாவுக்கா நிஜ எடையை எழுதினீங்க? எங்கப்பாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டு எருமையைப் பாத்து ஒரு தடவை 'ஆகா'ன்னார். சாயங்காலம் ஊருக்கே கறி!" என்னை உட்காரவைத்து, பக்கத்தில் நின்று, முழுக் கடிதத்தையும் திரும்ப எழுத வைத்தாள், எங்கெங்கு எடை வந்ததோ அங்கெல்லாம் அவள் சொன்ன எண்ணைப் போட்டேன். ஆகவே மேலே நீங்கள் படித்த எடை அவன் எடை அன்று. இறைவன்மேல் இட்ட ஆணை பொய்யாகிவிட்டது. அதற்குப் பரிகாரமான நோன்புகளை நாளை மறுநாள் தொடங்குகிறேன். கடைசியில் அளித்த உறுதியும் மை காயுமுன்பே போய்விட்டது. ஆனால் எழுதி முடித்ததும் அவள் எழுந்துபோய்ப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டாள். வேனில் இடம் இருப்பதால், ஏழாம் நாள் விருந்துக்கு நெய் கொண்டுவரச் சொன்னாள். இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். உண்மை எடையை நேரில் வந்து உங்கள் கையாலேயே அறிந்துகொள்ளுங்கள். அப்போது மட்டும், ஹாஜ், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், 'ஆகா' என்று சொல்லிவிடாதீர்கள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றிருந்தால், "ப்பூ, இவ்வளவுதானா?" என்று சொல்லவும்.